விரல் நோட்டும் சங்கத் தலைவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பட்டறைத் தொழிலாளிக்குச் சங்கம் எதற்கு?' என்று கேட்டு ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். சந்தா வசூலிப்பது, மே தினத்தில் கொடி ஏற்றுவது, மேடையில் மாலை வாங்கிக்கொள்வது, இவை தவிரத் தலைவர்களுக்கு வேறு சோலி கிடையாது என்பது அவர் கட்சி. அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியப் பதிவே இணையத்துக்கு வந்துவிட்டது, இனி நடுவில் இவர்கள் எதற்கு என்றும் கேட்டிருந்தார்.

நான் திருநெல்வேலி பேட்டையில் தகரப் பட்டறை வேலை பார்த்து ஓய்ந்தவன். தகரம் என்றதும் பழைய எண்ணெய் டின்னை வெட்டி முறம் செய்கிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அரிசி ஆலைக்கு நெல் கொட்டுகிற ஹாப்பர், ஓட்டல் அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு, ஏ.சி. காற்று போகிற டக்ட், மழைத்தண்ணீர்ப் பீலி, கல்யாண மண்டபத்துக்கு எவர்சில்வர் மேசை, கோயிலுக்கு உண்டியல் என்று தகட்டில் எது கேட்டாலும் வெட்டி, மடித்து, பற்றவைத்துக் கொடுப்போம். சங்கத்தில் நெடுநாள் பொருளாளராகவும் இருந்தேன். அதனால் சந்தா என்ற பேச்சு வந்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

வாசகர் சொன்னதில் பாதியை நான் மறுக்கமாட்டேன். மாலைக்குக் கழுத்தை நீட்டுகிற தலைவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. பட்டறை வாசலில் பைக்கை நிறுத்தி, ஹாரன் அடித்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் சந்தா வாங்கிப் போனவரையும் தெரியும். அவர்களை வைத்துச் சங்கமே வேண்டாம் என்று முடிவுகட்டுகிறவர் பட்டறைக்குள் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்திருக்கமாட்டார்.

எங்கள் வேலையில் முதலில் போவது விரல். தகடு வெட்டுகிற ஷியரிங் மெஷினில் போகும், அச்சு இறங்கித் தகட்டை அழுத்துகிற பவர் பிரஸ்ஸில் போகும். பிரஸ்ஸில் கை தகட்டை உள்ளே வைக்கும், கால் பெடலை மிதிக்கும். கை வெளியே வருமுன் கால் முந்திவிட்டால் தீர்ந்தது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும்படி மெஷினை அமைக்கலாம். பட்டறையில் ஓடுவது பெரும்பாலும் கைமாறி வந்த பழைய மெஷின். அதில் அந்த ஏற்பாடு இருக்காது, இருந்தாலும் கழற்றிப் போட்டிருப்பார்கள். முதலாளியை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய இடத்தில் வேகம் குறைவதை வேலை செய்கிறவனே விரும்பமாட்டான். தீபாவளிக்கு முந்திய வாரம் பிரஸ் ஓடும் வேகத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

விரல் போனால் என்ன நடக்கும்? ஆட்டோவில் ஏற்றி ஹைகிரவுண்டு அரசு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவார்கள். மருந்துச் செலவை முதலாளி பார்த்துக்கொள்வார். கட்டுப் போட்ட கையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ வைத்து, "எய்யா, நான் இருக்கேம்லா, கட்டுப் பிரிச்சதும் வேலைக்கு வந்துரு" என்பார். பையனின் அம்மா கும்பிட்டு வாங்கிக்கொள்வாள். அதோடு கதை முடிந்தது. பெரும்பாலான முதலாளிகள் கெட்டவர்கள் அல்ல, அவர்களில் பலரும் எங்களோடு கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல் பிடித்தவர்கள்தான். சட்டம் என்ன சொல்கிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

சட்டம் என்னவோ 1923லேயே வந்துவிட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இப்போது அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. அதில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். ஆட்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் போனதாகக் கணக்கு. நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. கட்டைவிரலுக்கு 30. இப்போது ஒரு பையனுக்கு 30 வயது, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. 30 வயதுக்கு அட்டவணையில் உள்ள பெருக்கெண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 18,71,820 வருகிறது. ஆட்காட்டி விரல் என்றால் அதில் 14 சதவீதம், அதாவது 2,62,055 ரூபாய். கட்டைவிரலுக்கு 5,61,546 ரூபாய். கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டியும், சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அபராதமும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு வராது, அதனால்தான் பல பட்டறைகள் எட்டுப் பேர், ஒன்பது பேர் என்றே நிற்கின்றன. ஆனால் இழப்பீட்டுக் கணக்குக்கு அந்தத் தப்பித்தல் கிடையாது. மின்சாரத்தில் மெஷின் ஓடுகிற பட்டறையில் ஒரே ஒரு ஆள் வேலை பார்த்தாலும் அவன் விரலுக்குச் சட்டம் உண்டு.

இரண்டரை லட்சம் எங்கே, பத்தாயிரம் எங்கே? இந்த இடைவெளியில்தான் எங்கள் செயலாளர் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

அவர் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் படித்தவர். டக்ட்டில் வளைவு வைக்க வேண்டுமென்றால் தரையில் சாக்பீஸால் விரிப்பு வரைந்து, வெட்டும்போது ஒரு நூல் தகடு வீணாகாமல் எடுப்பார். தகட்டின் தடிமன் பார்க்கிற கேஜைக் கையில் எடுக்காமலே, விரலால் தடவி இது 22 கேஜ், இது 24 கேஜ் என்று சொல்லுவார். மேடைப் பேச்சு மட்டும் வராது. மைக்கைக் கொடுத்தால் "எல்லாருக்கும் வணக்கம், நோட்டீஸ்ல எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அவர் வைத்திருந்தது ஒரு குயர் நோட்டு. நாங்கள் அதை விரல் நோட்டு என்போம். எந்தப் பட்டறையில் யாருக்கு அடிபட்டாலும் அன்று மாலைக்குள் அதில் ஏறிவிடும். தேதி, வயது, எந்த மெஷின், எந்தக் கை, எந்த விரல், எத்தனையாவது கணு வரை, பக்கத்தில் நின்றது யார், ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனது யார், வாரச் சம்பளம் எவ்வளவு, முதலாளி கொடுத்தது எவ்வளவு. சனிக்கிழமை கையில் வாங்கி மடியில் முடிகிற சம்பளத்துக்குச் சீட்டு ஏது? மாதக்கணக்கில் கழித்துக் கேட்டால் "இவன் என் பட்டறையில வேலையே பாக்கலியே" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அன்றைக்கே எழுதிச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவைத்தால்தான் பிறகு பேச்சு நிற்கும்.

ஒரு பையனுக்குப் பிரஸ்ஸில் இரண்டு விரல் போயிற்று. முதலாளி ஒரு தொகையைக் கொடுத்து, எல்லாம் பைசல் ஆகிவிட்டது என்று வெள்ளைத்தாளில் கைநாட்டுப்போல் ஒரு கையெழுத்தையும் வாங்கிவிட்டார். அண்ணாச்சி சண்டைக்குப் போகவில்லை, கொடியும் பிடிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய் முதலாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அட்டவணையைக் காட்டிக் கணக்குப் போட்டார். "மொதலாளி, தொழிலாளர் துணை ஆணையர் முன்னால போனா வட்டியும் சேரும், வக்கீல் செலவும் சேரும். நீங்களே பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார். முதலாளி முதலில் துள்ளினார், அப்புறம் அவருடைய கணக்கரைக் கூப்பிட்டு அதே கணக்கை மறுபடி போடச் சொன்னார். கடைசியில் விஷயம் அதிகாரி முன்னால் போய்த்தான் முடிந்தது. ஆனால் முடிந்தது. அந்தப் பையன் இப்போது டவுனில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். முதலாளியும் அண்ணாச்சியும் பேச்சுவார்த்தையை நிறுத்தவில்லை, அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு முதலாளி வந்தார்.

வாசகரிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான். தலைவர் எத்தனை கூட்டத்தில் பேசினார் என்று பார்க்காமல், அவரிடம் இந்த மாதிரி ஒரு நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தா கொடுக்கலாம், இல்லாவிட்டால் கேள்வி கேட்கலாம்.

'அப்படியானால் அந்தத் தொழில் செய்யாத வெளியாள் தலைவரே கூடாதா?' என்று ஒரு கேள்வி வரும். இந்த மாவட்டத்துக்காரனாக நான் அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1908 பிப்ரவரி 27ஆம் தேதி தூத்துக்குடி கோரல் நூற்பாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது முன்னால் நின்ற வ.உ.சி. வக்கீல். கூட நின்ற சுப்பிரமணிய சிவா மேடைப் பேச்சாளர். இருவரும் நூல் நூற்றவர்கள் அல்ல. கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கிக்கொடுத்தார்கள். மார்ச் 12ஆம் தேதி அவர்களைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது, போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். தொழிலாளிக்காகத் தலைவரும், தலைவருக்காக ஊரும் எழுந்த மண் இது. பத்து வருடம் கழித்து, 1918 ஏப்ரலில், சென்னையில் பி அண்ட் சி என்ற துணி மில்லின் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோதும் தலைவர் பி.பி.வாடியா வெளியாள்தான், பக்கத்தில் நின்ற திரு.வி.க.வும் வெளியாள்தான். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு இங்கிலீஷில் மனு எழுத யாராவது வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் கோரல் மில்லையே பாருங்கள். வ.உ.சி. செக்கிழுக்கப் போனதும், அவர் விட்ட இடத்தில் இருந்து எடுத்து நடத்த மில்லுக்குள் நிலையான சங்கம் ஒன்று இல்லை. தலைவர் பெரியவர், அவருக்குக் கீழே எழுதிவைக்க ஆள் இல்லை. இது வ.உ.சி.யின் குறை அல்ல, அவருக்கு நேரமே கொடுக்கவில்லையே. இன்றைக்கு எங்களுக்கு நேரம் இருக்கிறது, எழுதவும் தெரியும். அமைப்புசாராத் தொழிலில் உள்ள சங்கத்தின் நிர்வாகிகளில் குறைந்தது பாதிப் பேர் அந்தத் தொழிலைச் செய்கிறவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பாதியில் செயலாளரும் பொருளாளரும் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. பேச்சாளர் வெளியே இருந்து வந்தால் வரட்டும், நன்றாகப் பேசினால் நானும் கைதட்டுவேன்.

வெளிநாட்டிலும் இந்தத் தொழிலுக்கு இதே கதைதான் என்று பேத்தி போனில் தேடிப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் தகரத் தொழிலாளர் சங்கம் 1888 ஜனவரி 25ஆம் தேதி ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரத்தில் தொடங்கியது. கூடியவர்கள் 11 பேர். எல்லாரும் தகர வேலைக்காரர்கள். பியோரியா என்ற ஊரில் இருந்து ராபர்ட் கெல்லர்ஸ்ட்ராஸ் என்பவர் ஊர் ஊராகக் கடிதம் எழுதிக் கூட்டியிருக்கிறார். எனக்கு அந்தப் பதினோரு பேரைப் பிடித்துவிட்டது. நம் ஊரில் சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும்.

அதே சங்கத்தில் பிற்காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எட்வர்ட் எஃப். கார்லோ என்பவர் தலைவராக இருந்தார், அவருக்குப் பின் அவர் மகன் எட்வர்ட் ஜே. கார்லோ வந்து 1993 வரை, இருபது வருடத்துக்கும் மேலாகத் தலைமையில் இருந்தார். அப்பனுக்குப் பின் மகன் என்ற ஏற்பாட்டை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்திருந்தேன்! எனக்கு அது பிடிக்காத விஷயம். ஆனாலும் அந்த மகன் காலத்தில், 1986இல், சங்கமும் தகர ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து தொழிலாளர் உடல்நலத்துக்கு என்று தனி அறக்கட்டளை அமைத்தார்கள். தொழிலில் 20 வருடம் கழித்தவர்களுக்கு நுரையீரல் சோதனை செய்தார்கள். டக்ட் மாட்டுகிற இடத்தில் பக்கத்தில் வேறு ஆள்கள் ஆஸ்பெஸ்டாஸ் தெளித்துக்கொண்டிருப்பார்கள், அந்தத் தூசு இவர்கள் நெஞ்சில் இறங்கியிருந்தது. வாரிசு என்று திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பொருளாளர் கணக்கு சரியாக இருக்காது.

இதைப் படித்ததில் இருந்து எனக்கு நம் பையன்களின் நினைப்புதான். இப்போது நெல்லையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் மாடியில் கலர் ஷீட் போடுகிறார்கள். போடுமுன் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்க வேண்டும். பிரிப்பது யார்? ஷீட் போட வந்த அதே பையன்கள். சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே தள்ளுகிறார்கள், முகத்தில் ஒரு கைலித் துணி. தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கினால் தூசு பாதிக்கு மேல் அடங்கும். வீட்டுக்காரர் அதற்கு நேரம் கொடுப்பதில்லை. இது நெஞ்சில் தெரியவே 20, 30 வருடம் ஆகுமாம். அதற்குள் ஒப்பந்தக்காரர் எங்கே, வீட்டுக்காரர் எங்கே, அந்த வேலை நடந்ததற்குச் சாட்சி எங்கே?

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடும் சும்மா இல்லை. அதில் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும், அது துத்தநாகம். ஜன்னல் இல்லாத இடத்தில் நாள் முழுக்க வைத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் தூக்கிப்போடும், வாயில் இனிப்பாக ஒரு தகர ருசி இருக்கும். மறுநாள் சரியாகிவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பால் குடி, வாழைப்பழம் தின்னு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பால் குடிப்பதில் நட்டம் இல்லை, ஆனால் வேண்டியது காற்றோட்டம்.

அப்புறம் காது. எனக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. பேத்தி இடது பக்கம் உட்கார்ந்துதான் போனைப் படித்தாள். தகட்டை மடித்துத் தட்டுகிற பட்டறைக்குள் பக்கத்தில் நிற்கிறவனிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். அந்த அளவுக்குச் சத்தம் இருந்தால் அது காதைத் தின்கிறது என்று அர்த்தம். வேலையில் உண்டாகும் சத்தத்தால் காது மந்தமாவது இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் காதுக்கு என்று எவரும் ஒரு ரூபாய் வாங்கி நான் பார்த்ததில்லை. விரல் போனால் ரத்தம் வரும், ஊர் கூடும். காது போனால் வீட்டில் "மனுசனுக்குத் திமிரு, கூப்பிட்டாத் திரும்ப மாட்டாரு" என்று பேச்சுத்தான் வரும். அண்ணாச்சியின் நோட்டிலும் காதுக்குப் பத்தி கிடையாது. ஆரம்பத்தில் ஒரு சோதனை, ஐந்து வருடம் கழித்து ஒரு சோதனை என்று எடுத்தால்தான் எவ்வளவு போயிற்று என்று காட்ட முடியும். ஒரு தொழிலாளி தனியாகப் போய் எடுக்கிற காரியம் இல்லை இது, அரைநாள் கூலியை விட்டுவிட்டு எவன் போவான்? சங்கம் கூட்டிப்போக வேண்டும்.

கொடிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., தொ.மு.ச., எச்.எம்.எஸ்., பி.எம்.எஸ். என்று மத்திய, மாநிலச் சங்கங்களின் பெயரைச் சொல்லிமுடிக்கவே மூச்சு வாங்கும். ஒரே தெருவில் நாலு பட்டறை, நாலு கொடி. ஒரு பட்டறையில் அடிபட்டால் மற்றக் கொடிக்காரர் எட்டிப்பார்ப்பதில்லை. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பாத்திரத் தொழிலாளர்களுக்கும் பல கொடி உண்டு. ஆனால் கூலி ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் எல்லாச் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து உற்பத்தியாளர்களோடு பேசுகின்றன, பேச்சு முறிந்தால் வேலைநிறுத்தமும் ஒன்றாகவே செய்கின்றன. அங்கே ஒரே தொழில், ஒரே ஊர் என்ற வசதி இருக்கிறது. நம் பக்கத்தில் பட்டறை பேட்டையில் ஒன்று, தச்சநல்லூரில் ஒன்று, அம்பாசமுத்திரத்தில் ஒன்று என்று சிதறிக் கிடக்கிறது. பையன்கள் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒப்பந்தக்காரரிடம் கூரை வேலைக்குப் போகிறார்கள், கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் துபாயில் டக்ட் வேலையில் இருக்கிறார்கள். அங்கே சங்கம் வைக்கவே அனுமதி கிடையாது. ஒட்டுமொத்தமாகச் சேர முடியாவிட்டாலும், விரல் நோட்டை மட்டுமாவது எல்லாக் கொடிக்கும் பொதுவாக வைக்கலாமே. அமெரிக்கத் தகரச் சங்கம் 2014இல் ரயில், பேருந்துத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்துவிட்டது. பிரிட்டனில் தகரத் தொழிலாளர்கள் 1983இலேயே வேறு சங்கத்தோடு சேர்ந்து, அது இன்னொன்றோடு சேர்ந்து, இன்றைக்கு யுனைட் என்ற பெரிய சங்கத்துக்குள் இருக்கிறார்கள். ஆள் குறைந்ததால் சேர்ந்தார்கள் என்றும் சொல்லலாம். நமக்கு மட்டும் ஆள் கூடியா இருக்கிறது?

இணையத்தில் பதிவு வந்துவிட்டதே என்ற கேள்விக்கு வருகிறேன். வந்தது நல்லதுதான், நானே மெச்சுகிறேன். ஆனால் பதிவு செய்ய ஆதார், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. வருகிற போன், இந்தத் தொழில்தான் செய்கிறான் என்பதற்குச் சான்று எல்லாம் வேண்டும். போன் எண் மாறிக்கொண்டே இருக்கும். ஆதாரில் ஒரு இனிஷியல், வங்கியில் வேறு இனிஷியல். கம்ப்யூட்டர் சென்டரில் ஒவ்வொரு தடவைக்கும் காசு. புதுப்பிக்காமல் விட்டவனுக்கு ஓய்வூதியம் கேட்கும் வயதில்தான் விட்டது தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோரப் பகுதிகளில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்தபோது, தகடு துருப்பிடித்ததற்கு முதலாளியாவது போட்டோ எடுத்துக் காட்டினார். வாரக்கணக்கில் வேலை இல்லாமல் இருந்த தொழிலாளி, நான் இந்தப் பட்டறையில்தான் இருந்தேன் என்று எதைக் காட்டுவான்? வாரியத்தில் பெயர் நடப்பில் இருந்தவனுக்கு ஒரு அட்டையாவது இருந்தது. அந்த அட்டைகளைப் புதுப்பித்து வைத்தது இணையம் அல்ல. இரவு எட்டு மணிக்கு மேல், கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொருத்தனுக்கும் போன் போட்டு ஓ.டி.பி. கேட்டவர்கள் சங்கத்துக்காரர்கள். அவர்களுக்கு எவரும் மாலை போடவில்லை.

சந்தா கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நான் பொருளாளர் அல்லவா. வந்த பணத்தில் பெரும்பகுதி ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் போயிற்று. மீதி, வழக்கு நடக்கும்போது அடிபட்டவன் வீட்டுக்கு அரிசி வாங்கிக்கொடுக்கப் போயிற்று. முதலாளி கொடுக்கும் முதல் தொகைக்கு ஏழைத் தொழிலாளி தலையாட்டுவதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை, அடுத்த வாரச் சாப்பாடு. இரண்டு மாத அரிசி வீட்டில் இருந்தால் அவன் நிமிர்ந்து பேசுவான். இதை எந்தத் தலைவர் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறீர்கள்? சனிக்கிழமைச் சம்பளத்தில் வீடு நடத்தியவர்தான்.

எங்கள் சங்கத்துக்குப் புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வருகிறது. அண்ணாச்சிக்குக் கண் மங்கிவிட்டது, இனி எழுத முடியாது என்கிறார். நின்று பார்க்க இரண்டு மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் நன்றாகப் பேசுவார், ஒருவருக்குக் கட்சியில் செல்வாக்கு உண்டு, ஒருவன் டக்ட் பட்டறையில் வேலை பார்க்கிற முப்பது வயதுப் பையன். என் ஓட்டு அந்தப் பையனுக்கு. விரல் நோட்டைப் போனில் ஏற்றி, படத்தோடு வைக்கலாம் என்று அவன்தான் சொன்னான். காதுக்கு ஒரு பத்தி போடச் சொல்லியிருக்கிறேன், ஆஸ்பெஸ்டாஸ் பிரித்த வீடுகளுக்கு இன்னொன்று.

கடைசியாகத் தொழிலாளர் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். நெல்லைச் சுற்றுவட்டாரப் பட்டறைத் தொழிலாளர்களுக்குக் காதுப் பரிசோதனை முகாம் ஒன்று நடத்த வேண்டும். பேட்டை ஐ.டி.ஐ. வளாகம் எல்லாருக்கும் தெரிந்த இடம், பஸ் வசதியும் உண்டு. முடிவை ஒரு தாளில் எழுதி அவரவர் கையில் கொடுத்தால் போதும், வைத்துக் காப்பாற்றுகிற வேலையைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். முகாமை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாளில் வைத்தால் ஒருத்தனும் வரமாட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தகரப் பட்டறைத் தொழிலாளி,
பேட்டை, திருநெல்வேலி.